வைஃபை காட்டுது, நெட் வரல: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போனில் வைஃபை அடையாளம் முழுசாகத் தெரிகிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி போகாமல் நிற்கிறது. உடனே போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். எங்கள் வீட்டில் இது வந்தபோது கடைக்காரர் போர்டு போய்விட்டது என்றார். இணைப்பு கொடுத்தவர் லைன் சுத்தமாக இருக்கிறது, போன்தான் பழுது என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் அலைந்தபோது சேர்ந்த குறிப்புகள் இவை. வரிசை முக்கியம்: செலவில்லாத வேலைகள் முதலில், போனை அழிப்பதும் பிரிப்பதும் கடைசியில்.

1. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரியுங்கள்

இரண்டே சோதனைகள்தான். ஒன்று, அதே வைஃபையில் வீட்டிலுள்ள இன்னொரு போனை இணைத்துப் பாருங்கள். இரண்டு, உங்கள் போனை வேறொருவரின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள்.

மற்ற போனிலும் நெட் வரவில்லை, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் பழுது ரூட்டரில் அல்லது லைனில். நேராக 4-க்குப் போங்கள். மற்ற போனில் வருகிறது, உங்களுடையதில் மட்டும் எங்கே போனாலும் வரவில்லை என்றால் பழுது போனில், 2-ஐப் பாருங்கள். உங்கள் போன் வெளியில் எல்லா இடத்திலும் வேலை செய்து வீட்டு வைஃபையில் மட்டும் முரண்டு பிடித்தால், போனுக்கும் ரூட்டருக்கும் ஏதோ ஒத்துப்போகவில்லை. அதற்கு 2, 3 இரண்டையும் பாருங்கள்.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா போனில் யூடியூப் ஓடுவதைப் பார்த்து வைஃபை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவோம். ஓடியது அவர் டேட்டா. ஆகவே சோதிக்கும் எல்லாப் போனிலும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

2. போனுக்குள் பார்க்க வேண்டியவை

விமானப் பயன்முறையைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள். பிறகு போனை அணைத்துப் போடுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். தீராவிட்டால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

தேதியும் நேரமும் சரியா? சார்ஜ் முழுவதும் இறங்கிக் கிடந்த பழைய போன்களில் தேதி எங்கேயோ நிற்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை போன் நம்பாது. வைஃபை இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. தானியங்கி நேரம் என்பதைப் போட்டுவிடுங்கள்.

விபிஎன் (நெட்டை வேறொரு வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஏதாவது ஓடுகிறதா? விளையாட்டுக்கோ படம் பார்க்கவோ பிள்ளைகள் நிறுவியிருப்பார்கள். அதை அணையுங்கள். அதே மாதிரி டேட்டா சேமிப்பு, பேட்டரி சேமிப்பு இரண்டையும் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது நிறைய பேருக்குத் தெரியாத இடம். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் அமைப்புகளில் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கிறது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. விளம்பரம் வராமலிருக்க யாராவது அதில் ஒரு முகவரியைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த முகவரி வேலை செய்யாத நாளில் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று போன் காட்டும். தானியங்கி என்று மாற்றினால் அந்த நிமிடமே நெட் வரும். வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் ஒரே நேரத்தில் பக்கங்கள் திறக்கவில்லையென்றால் முதலில் இதையும் விபிஎன்னையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், வீட்டு வைஃபையை ‘மறந்துவிடு’ கொடுத்து மறுபடி கடவுச்சொல் போட்டு இணையுங்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பூஜ்யமும் ஆங்கில ஓவும் ஒரே மாதிரி தெரியும், கவனியுங்கள். இணைக்கும்போது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் போனுக்குரிய எண்) ‘டிஹெச்சிபி’ என்று இருக்கட்டும், அப்போதுதான் ரூட்டரே அதைத் தானாகக் கொடுக்கும். ‘நிலையானது’ என்று யாரேனும் மாற்றி வைத்திருந்தால் திருப்பிப் போடுங்கள். இணைந்த பிறகு முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் உங்கள் போனுக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அலுவலகம், கல்லூரி விடுதி போன்ற இடங்களில் பதிவு செய்த போன்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 இவற்றிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியை (போனின் வைஃபை சிப்புக்கு உரிய அடையாள எண்) காட்டுகின்றன. நீங்கள் பதிவு செய்தது உண்மையான முகவரி, போன் காட்டுவது வேறு என்றால் கதவு திறக்காது. அந்த வைஃபையின் தனியுரிமை அமைப்பில் ‘சாதனத்தின் மேக்’ என்று மாற்றுங்கள். ஐபோனில் தனிப்பட்ட வைஃபை முகவரி என்பதை அணைக்க வேண்டும்.

எதுவும் ஆகவில்லையென்றால் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமையுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போகும். படம், தொடர்பு எண், செயலி எதுவும் போகாது. கடையில் ‘ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்’ என்றால் இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். முழு ஃபார்மட் அடித்தால் வங்கிச் செயலி, யுபிஐ எல்லாவற்றையும் புதிதாகப் பதிய வேண்டும். அதற்குப் பதிவு செய்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம்மில் ரீசார்ஜ் இல்லாவிட்டால் அங்கேயும் மாட்டிக்கொள்வீர்கள்.

3. நம் ஊர் வீடும் ரூட்டரின் இடமும்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் போன் பழுது என்று வரும் புகார்களில் நிறைய உண்மையில் சுவர்ப் பிரச்சினை.

ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஓர் அறை தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய வீடுகளின் கனமான கல் சுவருக்கு 5 ஒன்றும் செய்ய முடியாது. புது கான்கிரீட் வீட்டில் கீழே ரூட்டர், மாடியில் படுக்கையறை என்றால் தளத்திலுள்ள கம்பி வேறு அலையைத் தடுக்கும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் 5-ஐப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று இழுபறி செய்யும். ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, தூரத்து அறைக்கு 2.4-ஐப் பயன்படுத்துங்கள். ரூட்டர் அமைப்புக்கு உலாவியில் பெரும்பாலும் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். சரியான முகவரியும் நுழைவுச் சொல்லும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.

விலை குறைந்த போன்கள் சிலவற்றில் 5 இருக்கவே இருக்காது. புது ரூட்டர் வந்ததும் ‘என் போனில் வைஃபை பெயரே தெரியவில்லை’ என்பவர்களுக்கு இதுதான் காரணம். 2.4 அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரிந்து இணைய மறுத்தால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த முறைக்கு மாற்றுங்கள். பாதுகாப்பே இல்லாமல் திறந்து மட்டும் போடாதீர்கள்.

ரூட்டரை வைக்கும் இடம் என்று வந்தால் நம் வீடுகளில் ஒரே இடம்தான்: டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள். கேபிள்காரர் வயரை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார். புதிதாக இணைப்பு எடுக்கிறவர்கள் அன்றைக்கே வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் மாற்றினால் வயருக்கும் ஆளுக்கும் தனிக் காசு. நாகர்கோவில் மாதிரி வீடுகள் நெருங்கிய தெருவில் 2.4-இல் நெரிசல் அதிகம். ரூட்டர் அமைப்பில் சேனலை (அலைவரிசைக்குள் உள்ள பிரிவு) 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக மாற்றி எது தேவலை என்று பாருங்கள். மற்ற எண்கள் பக்கத்துச் சேனல்களோடு மோதும்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு தொல்லை. அடாப்டர் பின், வயர் முனை எல்லாம் பச்சை பூக்கும். ரூட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால், ரூட்டரைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்த வேண்டும். சில நூறு ரூபாய் வேலை. ஜன்னலோரம் வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

4. ரூட்டரின் விளக்குகள் சொல்லும்

ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் ‘பான்’ (PON) என்றும் ‘லாஸ்’ (LOS) என்றும் இரண்டு விளக்குகள் இருக்கும். பான் பச்சையாக நிலையாக எரிய வேண்டும். லாஸ் சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபர் வழியே வர வேண்டிய ஒளி உங்கள் வீடு வரை வரவில்லை. அந்த நிலையில் போனில் நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை. பான் ஒழுங்காக எரிந்து நெட் மட்டும் இல்லையென்றால் கட்டணம் முடிந்திருக்கலாம், அல்லது நிறுவனத்தின் பக்கம் உங்கள் கணக்கில் ஏதோ சிக்கல்.

நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி, ஐப்பசி என்று இரண்டு மழையும் உண்டு. காற்றில் தென்னை மடல் விழுந்து வயர் அறும், ரப்பர் மரக்கொம்பு சாயும், சாலை வேலைக்குத் தோண்டுகிறவர் வெட்டிவிடுவார். மழை விட்டதும் வீட்டிலிருந்து கம்பம் வரை ஒரு நடை பார்த்துவிட்டுப் புகார் கொடுங்கள். எங்கே அறுந்தது என்று சொன்னால் ஆள் சீக்கிரம் வருவார். அறுந்த வயரைத் தொடாதீர்கள். அது மின்கம்பத்தில் போயிருந்தால் எதன்மேல் உரசிக்கொண்டிருக்கிறதென்று தெரியாது. வீட்டுக்குள் ஃபைபர் வயரைச் சின்னதாக மடிக்கவோ ஆணியில் இறுக்கவோ கூடாது. உள்ளே கண்ணாடி இழை. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது.

இடி தொடங்கும் முன்பே ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது என்றாலும் ரூட்டருக்கு மின்சாரம் வேறு வழியாகத்தானே வருகிறது.

கரண்ட் போனால் நெட் போகிறது என்பவர்கள் ரூட்டருக்கான சிறிய யுபிஎஸ் வாங்கலாம், ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் தெருவுக்கு லைன் கொடுக்கும் இடத்தில் பேட்டரி இருக்கிறதா? அங்கே இல்லையென்றால் உங்கள் ரூட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை.

5. புகார் கொடுக்கும் முறை

உள்ளூர் கேபிள்காரருக்குப் போன் செய்து ‘நெட் இல்லை அண்ணா’ என்று சொல்வது புகார் அல்ல. அவர் வந்து சரிசெய்தால் நல்லது, அவரிடம் முதலில் சொல்லலாம். ஆனால் நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ பதிந்து புகார் எண் வாங்கினால்தான் அது கணக்கில் ஏறும். பேசும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளர் எண், பதிவு செய்த மொபைல் எண், கடைசியாகக் கட்டிய ரசீது, விளக்குகள் தெரியும் ரூட்டர் படம், எந்த நேரத்திலிருந்து இல்லை என்ற குறிப்பு.

ரசீது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாதாமாதம் கையில் காசு கொடுத்து நோட்டில் டிக் அடிக்க வைக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்தப் பணம் நிறுவனத்தில் ஏறியதற்கு உங்களிடம் ஆதாரமே இருக்காது. செயலியில் கட்டுங்கள், அல்லது யுபிஐயில் கொடுத்து நிறுவனத்தின் ரசீது எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள். இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வாடகை வீட்டில் முன்பு இருந்தவர் பெயரில் ஓடும் இணைப்புக்குப் புகார் கொடுக்கப் போனால் அவருடைய போனுக்கு ஓடிபி போகும்.

வாடிக்கையாளர் எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருவதற்கு அடிக்காதீர்கள். அதில் மோசடி எண்கள் கலந்திருக்கும். பில்லிலோ செயலியிலோ உள்ள எண்ணுக்கே பேசுங்கள். மொபைல் சேவைக்கு அந்தச் சிம்மிலிருந்தே 198 அடித்தால் போதும். உங்கள் போனைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு செயலி போடுங்கள் என்று யார் கேட்டாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

சொன்ன கெடுவுக்குள் சரியாகவில்லை, அல்லது சரிசெய்யாமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. டிராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை, தனி நபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. நெட் இல்லாத நாள்களுக்கான வாடகையைக் கழிக்கச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள், கேட்காமல் யாரும் கழிப்பதில்லை. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. ஒரு மாத வாடகைக்காக அங்கே போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாதக்கணக்கில் இழுத்தடித்தால் போகலாம்.

6. மொபைல் டேட்டாதான் வரவில்லை என்றால்

முதலில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்தால் வேகம் ஆமையாகும், நள்ளிரவுக்குப் பிறகு சரியாகும்.

களியக்காவிளை, கொல்லங்கோடு, அருமனைக்கு மேற்கே இருப்பவர்கள் கவனியுங்கள். மொபைல் சேவைப் பகுதிகளில் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள வட்டம், இந்தப் பக்கம் தமிழ்நாட்டு வட்டம். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே போன் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துவிடும். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் சில போன்களில் பேச்சு வரும், நெட் வராது. ரோமிங்கைப் போட்டு வையுங்கள், நாட்டுக்குள் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வெளிநாடு போகும்போது மட்டும் மறக்காமல் அணையுங்கள்.

ஏபிஎன் (நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழையப் போன் பயன்படுத்தும் பெயர்) தவறியிருந்தாலும் நெட் வராது. ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், வி-க்கு (வோடஃபோன் ஐடியா) மூன்று டபிள்யூ மட்டும். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல். கையால் அடிக்கப் பயமாக இருந்தால் ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ கொடுங்கள், பெரும்பாலும் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

5ஜி அரைகுறையாக எட்டும் இடத்தில் போன் 5-க்கும் 4-க்கும் தாவிக்கொண்டே இருந்து நெட்டும் போகும், பேட்டரியும் போகும். 4ஜி என்று நிறுத்திவிடுங்கள். பழைய பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் அது 4ஜி சிம்மா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார் போன்ற அடையாளச் சான்று கையில் வேண்டும். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, ஆகவே ஓடிபியும் வராது. பள்ளிக் கட்டணமோ வங்கி வேலையோ இருக்கும் நாளில் மாற்றாதீர்கள்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு, ஃபைபர் இருக்கிறது, மொபைல் சிக்னல் இல்லை என்றால் வைஃபை அழைப்பு வசதியைப் போடுங்கள். கைப்பேசி எண்ணுக்கு வரும் சாதாரண அழைப்பே வைஃபை வழியாக வரும். தனிச் செயலி வேண்டாம், கூடுதல் கட்டணம் வேண்டாம். உங்கள் நிறுவனமும் உங்கள் போனும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுவனத்தையே மாற்றுவதென்றால் ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். புது நிறுவனத்தில் கொடுக்க வேண்டிய குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும், அது 4 நாள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் என்றால் மாறுவதற்கு 3 வேலைநாள். திருவனந்தபுரத்தில் படித்தபோது எடுத்த கேரள எண்ணை இங்கே மாற்றினால் 5 வேலைநாள். 2024 ஜூலை 1 முதல், தொலைந்தோ பழுதாகியோ சிம் மாற்றினால் 7 நாளுக்குக் குறியீடு கிடைக்காது. மாற்றும் முன் புது நிறுவனச் சிம் உள்ள ஒருவரை வீட்டுக்கு அழைத்து, எந்த அறையில் எடுக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

7. கடைசியாகத்தான் கடை

வைஃபை பொத்தான் மங்கலாகி, அழுத்தினாலும் ஆன் ஆகவே இல்லை, புளூடூத்தும் சேர்ந்து செத்துவிட்டது, போன் விவரத்தில் மேக் முகவரி 02:00:00:00:00:00 என்று காட்டுகிறது என்றால் சிப்பில்தான் பழுது இருக்க வாய்ப்பு. ரூட்டர் பக்கத்தில் மட்டும் எடுத்து இரண்டடி நகர்ந்தால் போகிறது என்றால் ஆன்டெனா. உலோகக் கவர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை சோதியுங்கள்.

வாரண்டி இருந்தால் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கே போங்கள். நாகர்கோவிலில் எது என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பலகையில் பிராண்டு பெயர் எழுதியிருப்பதெல்லாம் அங்கீகாரம் ஆகாது. பில் எடுத்துப் போங்கள். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) தாளில் எழுதி வையுங்கள், கடையில் தரும் சீட்டில் அதே எண் இருக்க வேண்டும். படங்களை வேறிடத்தில் சேமியுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். பூட்டுத் திறக்கும் எண்ணை எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங், பிக்ஸல் போன்ற சில போன்களில் பழுதுபார்ப்புக்கென்றே ஒரு பயன்முறை உண்டு, உங்கள் படமும் செய்தியும் தெரியாமல் சோதிக்க அது போதும்.

செலவு எவ்வளவு, எத்தனை நாள், சரியாகாவிட்டால் பரிசோதனைக் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் எழுதி வாங்கிவிட்டுப் போனைக் கொடுங்கள். போர்டு மாற்ற வேண்டும் என்றால் அன்றே சரி என்று சொல்லாதீர்கள். அந்த விலையோடு புதுப் போன் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று மொபைல் டேட்டாவை அணைத்து, கடையின் வைஃபையில் 2.4, 5 இரண்டிலும் இணைத்து, பத்தடி நடந்து பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.